ஆயுத பூஜைத் தட்டில் ஒரு பென் டிரைவ்

கண்ணு,

திருப்பூர் மகா சாம்ராஜ்யத்தின் நூல் குடோனுக்கு ஏகச் சக்கரவர்த்தியும், கூரையைத் தொட அடுக்கியிருக்கும் நூல் பெட்டிகளுக்கெல்லாம் சேனாதிபதியும், எலிக் குலத்தின் பரம வைரியும், உன் அம்மாவின் ஏச்சுக்கு அன்றாடம் பாத்திரமாகிறவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. நீ ஹைதராபாத் ரயிலேறிப் போன பிறகு ஊரில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கரண்ட் சொல்லாமல் போகிறது; சொல்லிவிட்டுப் போனாலும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. நொய்யல் ஆறு சாயத் தண்ணீரில் போன வாரம் ஊதாவாக ஓடியது, இந்த வாரம் சிவப்பு. வெள்ளைக்காரன் அடுத்த சீசனுக்கு என்ன கலர் போடப்போகிறான் என்பதை நம் ஊரில் கரையோரம் மேய்கிற எருமைதான் முதலில் தெரிந்துகொள்கிறது. உன் பெரியப்பா தினமும் காலையில் குடோனுக்கு வந்து, எனக்கு எதிரே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னோடு பேசாமல் இருக்கிறார். பேசாமல் இருப்பதற்கென்றே மெனக்கெட்டு இவ்வளவு தூரம் வருகிற மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஏன் பேசுவதில்லை என்பதில் பாதி உனக்குத் தெரியும். மீதியை ரயிலடியில் சொல்லலாம் என்றிருந்தேன். உன் அம்மா ஒரு பட்டாளத்துக்கு ஆகிற புளிச்சோற்றை உன் ஒற்றைப் பைக்குள் திணித்த போராட்டத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அதனால் எழுத்தில். கரண்டும் இல்லை, கம்பெனியில் எல்லோரும் வாசலில் நின்று காற்று வாங்குகிறார்கள், இந்த குடோனில் எனக்கு நூலும் நேரமும் மட்டும் குறைவில்லை.

முதலில் உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. உன் விசிட்டிங் கார்டில் 'க்ளவுட் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து, அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்கடை மாமா தன் கடைக்கு மாடி எடுக்கப் பிளான் போட்டுத் தரச் சொன்னாரே, அன்றிலிருந்து சொந்தபந்தம் ஒரம்பரைக்கெல்லாம் உன் வேலையை விளக்குகிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். முதலில் ரொம்பச் சிரமப்பட்டேன். பிறகு ஒரு நாள் எனக்கே பிடிபட்டது. "ஏனுங்க மாமா, நாம பனியன் விக்கறம். நம்மகிட்ட டையிங் பட்டறை இருக்குதுங்களா? துணியை அமுக்கற காம்பேக்டிங் மிஷின் இருக்குதுங்களா? துணியைக் குடுக்கறம், சாயம் போட்டு வாங்கறம், போட்ட அளவுக்குக் கூலி குடுக்கறம். பட்டறையில மிஷின் ரிப்பேரானா அது அவன் தலைவலி. அதே மாதிரிதானுங்க. எம் பொண்ணு கம்ப்யூட்டரை ஜாப் ஒர்க்குக்கு விடறா" என்றேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அட, இதைய மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார். கண்ணு, உலகத்தில் அத்தனை கம்பெனிக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த சமாச்சாரத்தை நம் ஊர்க்காரன் சாயப்பட்டறை வாசலில் நின்றுகொண்டு எப்போதோ செய்துவிட்டான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நீ வந்த கதை நினைவிருக்கிறதா? கம்பெனியின் பழைய சர்வர் இந்த குடோனுக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தது. நம் ஊரில் காற்றென்பது பாதி பஞ்சு. அந்தப் பஞ்சைக் குடித்துக் குடித்து, உள்ளே இருந்த காற்றாடி நின்றுபோய், ஒரு நாள் திறந்து பார்த்தால் ஒரு மெத்தைக்கு ஆகிற அளவுக்குப் பஞ்சு. கரண்ட் போகும், ஜெனரேட்டர் வருவதற்குள் அது செத்துப்போகும், எழுப்பினால் நேற்றைய கணக்கெல்லாம் மறந்திருக்கும். ஜெர்மனிக்காரன் தன் ஆர்டர் நிட்டிங்கில் நிற்கிறதா, சாயத்தில் நிற்கிறதா, தையலில் நிற்கிறதா என்று கேட்டால், நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. கோயமுத்தூரில் வேலையிலிருந்த உன்னைக் கூப்பிட்டார். என் பெரியப்பன் மகன், எனக்கு அண்ணன், கம்பெனிக்கு முதலாளி, உனக்குப் பெரியப்பா என்று ஒரே ஆள் இத்தனை வேஷமும் போட்டுக்கொண்டு கூப்பிட்டால், எந்த வேஷத்துக்கு முடியாது என்பது? "ஒரு சீசன் சோலிதான் கண்ணு" என்றார். நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். நம் ஊரில் ஒரு சீசன் முடிவதற்குள் அடுத்த சீசன் தொடங்கிவிடும் என்கிற சின்ன விஷயம் நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நீ செய்கிற வேலையைக் கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆணி அடிக்கிறாயா, இல்லை. மிஷினைத் தொடுகிறாயா, அதுவும் இல்லை. கார்ட்டன் அட்டைகளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாய்ப் போட்டு, கட்டங்களுக்கு நடுவே கோடு இழுத்து, பேனாவைக் கடித்துக்கொண்டு, எது எப்போது விழும் என்று யோசிப்பதுதான் உன் முழுநேர உத்தியோகம். அப்புறம் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேள்வி கேட்பாய். கட்டிங்கில் தாமதமானால் யாருக்குச் சொல்வீர்கள், பேக்கிங்கில் எண்ணிக்கை தப்பினால் எங்கே எழுதுவீர்கள் என்று. சீசன் சூடானால் எங்கோ கடல் தாண்டி இருக்கிற கம்ப்யூட்டர் மிஷின்களை இன்னும் வாடகைக்குப் பிடிப்பாய், தணிந்தால் விட்டுவிடுவாய். வீணாக ஓடவிட்டால் உனக்குப் பொறுக்காது. பயப்படுவதை ஒரு தொழிலாகச் செய்து சம்பளமும் வாங்கலாம் என்று தெரிந்திருந்தால் உன் அம்மா இந்நேரம் மாளிகை கட்டியிருப்பாள்.

ஒரு நாள் அந்த அட்டையை என்னிடம் காட்டி விளக்கினாய். எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தது. ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையை வாங்கிக்கொள்ளும் என்றாய். கணக்கு வைக்கிற இடமும் இரண்டு, வழியும் இரண்டு. உச்சியில் மட்டும் ஒரே ஒரு கட்டம், துணையில்லாமல். "இதாருங் கண்ணு, ஒண்டிக்கட்டை?" என்று கேட்டேன். "நான்தானுங்கப்பா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

எஸ்தரைப் பற்றி நம் கம்பெனியில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பனியன் வேலைக்கு வந்து, செக்கிங் டேபிளில் தொடங்கி, சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, அந்த அறையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவள். நீ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவும் தடுக்கவில்லை. "படிச்சுக்கட்டும், நல்லதுதான்" என்றார். ஆனால் சாவி மட்டும் கூடாது. அந்தக் கடல் தாண்டி இருக்கிற மிஷின்களுக்குள் போக ஒரு சாவி உண்டு, அது ஒரு ஃபைலாக ஒரு பென் டிரைவுக்குள் இருக்கிறது என்று நீ விளக்கியதுதான் தாமதம், பெரியப்பா அதை வாங்கி, ஒரு பித்தளை வளையத்தில் கோத்து, குடோன் சாவி மாதிரியே ஆக்கி உன் கையில் கொடுத்தார். நம் ஊர் முதலாளிமார் எல்லோருக்கும் உள்ள அதே வழக்கம்தான். ஆயிரம் பேர் வேலை செய்யட்டும், நூல் இருக்கிற அறையின் சாவி சொந்தத்தில் இருக்க வேண்டும். ஒரே சாவிதான் இருக்க வேண்டும். நகல் அடித்தால் அடித்தவன் திருடன். "குடோன் சாவி உன்ற அப்பன்கிட்ட. இந்தச் சாவி உன்றகிட்ட. நாம சொந்தத்துக்குள்ள இருக்கோணும் கண்ணு" என்று சபையில் சொன்னார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மீசையை முறுக்கினேன். பாண்டிய நாட்டையே உனக்குச் சீதனமாக எழுதிவைத்ததுபோல் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் கட்டுவது கயிறா மாலையா என்று பார்க்கிற புத்தி எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அதற்கப்புறம் உன் பூமி சுருங்கிப்போனது. டேட்டா கார்டுக்கு சிக்னல் கிடைக்கிற எல்லைதான் உன் தேசத்தின் எல்லை. கோவை வரை போகலாம், அவிநாசி போகலாம், அதற்கு மேல் போவதென்றால் பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அவிநாசித் தேருக்குப் போனோமே. சுற்றுப்பட்டு ஜனம் அத்தனையும் வடத்தைப் பிடித்து இழுக்கிறது, உன் அம்மா கண்ணை மூடிக் கும்பிடுகிறாள், நீ ஒரு வளையல் கடைப் படியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாய். போனில் பெரியப்பா. "கண்ணு, இங்க எழுத்தெல்லாம் சின்னதாப் போயிருச்சு." என்னவோ ஏதோ என்று நீ பதறித் தேடி, கடைசியில் பார்த்தால் பெரியப்பாவின் கைபட்டு மவுஸ் சக்கரம் உருண்டிருக்கிறது. அத்தனை பெரிய தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்தது, நீ படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

உடுமலைப்பேட்டைக் கல்யாணத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பந்தியில் ரசம் ஊற்றுகிற நேரத்தில் போன் வந்தது. அந்தத் தோப்புக்குள் சிக்னல் ஏது? பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிணற்று மோட்டார் ரூம் மேலே ஏணி வைத்து ஏறினாய். தென்னங்கீற்றுகளுக்கு நடுவே உன் தலை, அதற்கும் மேலே காற்றாலை சுற்றுகிறது, கீழே கல்யாணத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் மணமக்களை விட்டுவிட்டு உன்னை அண்ணாந்து பார்க்கிறது. "உங்க பொண்ணு அங்க என்னங்க பண்டறா?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். "காத்தாடிக்கு எண்ணெய் விடறாளுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ இறங்கி வந்தபோது இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கும் ஜெர்மனியில் ஒன்றும் இடியவில்லை. யாரோ பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். வரும் வழியெல்லாம் காரில் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். போன் மடியில் இருந்தது. அடிக்காமல் இருக்கும்போதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் நகைச்சுவை உணர்ச்சி பல்லடம் தாண்டுவதற்குள் செத்துப்போயிற்று.

அப்புறம் ஹைதராபாத் வேலை வந்தது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் பேங்குகளுக்கும் கட்டம் போடுகிற வேலை, உன்னைப்போல் கட்டம் போடுகிற பத்துப் பேரோடு உட்கார்ந்து செய்கிற வேலை. ஆயுத பூஜை முடிந்து சேர வேண்டும் என்றார்கள். பெரியப்பாவிடம் நாம் இரண்டு பேரும்தான் போனோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"தாராளமாப் போ கண்ணு. உன்ற வாழ்க்கையை நான் தடுப்பனா?" என்றார். காப்பி வரவழைத்தார். பாதி குடித்துவிட்டு, "சாவிய என்ன பண்டறது?" என்றார்.

"எஸ்தரக்கா இருக்காங்க பெரியப்பா. எல்லாந் தெரியுமுங்க அவங்களுக்கு."

"நல்ல புள்ள. ஆனா வெளியாளு."

"அப்ப நம்ம சொந்தத்துல யாருக்காச்சும் சொல்லித் தரட்டுங்களா?"

"நம்ம சொந்தத்துல அத்தனை அறிவு ஆருக்குச் சாமி இருக்குது? உன்னைய விட்டா ஆளில்ல. நீ இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது" என்றார். உண்மையாகவே கண் கலங்கிச் சொன்னார். அதைக் கேட்டு நீ எழுந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். கதவே இல்லாத அறையில் ஜன்னலுக்குத் திரை மட்டும் அழகாகத் தைத்து மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது, "விடுங்கப்பா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாய். எனக்கு வாயில் ஒரு தமாஷும் வரவில்லை. என் ஆயுளில் அது சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த சம்பவம்.

இப்போது உனக்குத் தெரியாத சமாச்சாரம். இந்த வருஷத் தசமியோடு குடோன் சாவியை நான் ஒப்படைப்பதாகப் பெரியப்பாவிடம் முன்னமே பேசியிருந்தேன். முழங்கால் இரண்டும் பெட்டி ஏறி இறங்கித் தேய்ந்துவிட்டன. உன் அம்மாவுக்கு அவள் பங்காக வந்த உடுமலைத் தோப்பில் ஒரு ஓட்டு வீட்டைச் சரிசெய்து, நான் இளநீர் மகாராஜாவாக முடிசூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. பெரியப்பாவும் ஒத்துக்கொண்டிருந்தார். "தசமிக்குச் சாவிய வேற ஆளுக்குக் குடுத்தரலாம் தம்பி, எம் மச்சான் பையன் வர்றான்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். உன் அம்மா வெளியூர்ப் பேருந்து நேரமெல்லாம் விசாரித்துவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. பவர் டேபிள், கட்டிங் மிஷின், இஸ்திரிப் பெட்டி, ஜெனரேட்டர், டெம்போ என்று எல்லாவற்றையும் காற்றடித்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கம்பெனியே ஒரு பொரி உருண்டை மாதிரி மணத்தது. சாவிகள் எல்லாம் தாம்பாளத்தில். ஒரு தரம் தாம்பாளத்துக்குப் போன சாவியைத் தசமி காலையில் சாமி கும்பிட்டு எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. ஆயுதத்துக்கு அன்றைக்கு ஓய்வு. பெரியப்பா சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடினார். "கண்ணு, அந்தக் கடலுக்கு அக்கட்ட இருக்கற மிஷினுக்குப் பொட்டு எங்க வெக்கறது?" நீ யோசித்தாய். "அதுக்கு வெக்க முடியாதுங்க பெரியப்பா." "பொட்டு வெக்காத ஆயுதம் நம்ம கம்பெனியில இருக்கப்படாது. சரி, சாவிய வெய்யி." "நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா எடுக்கோணுமுங்களே." "இன்னிக்கு ஒண்ணும் ஆவாது. வெய்யி சாமி." பென் டிரைவுக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். தாம்பாளத்தில் வைத்துவிட்டு நீ உன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாய்.

மதியம் சாப்பிட நான் வீட்டுக்கு வந்தேன். நீ கூடத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் பாதி தின்ற பொரி. போன் அலமாரி மேல், அணைத்து வைத்து. உன் அம்மா கதவோரம் நின்று என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். மிக்ஸி ஓட்டவில்லை, டிவி போடவில்லை, காக்காயைக் கூட ஜாடையாகத்தான் விரட்டினாள். எனக்கு அத்தனை நாளும் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது: டெம்போவின் டயர் வரைக்கும் ஓய்வு கொடுக்கிற கம்பெனியில், உனக்கு ஓய்வு கிடைப்பதற்கு உன் சாவியைச் சாமி பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியப்பாவிடமிருந்து எனக்குப் போன். ஓடினேன். ஜெர்மனிக்காரனின் பையிங் ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்களாம், ஆர்டர் எங்கே நிற்கிறது என்று காட்ட நீ செய்துகொடுத்த பக்கம் திறக்கவில்லையாம். பெரியப்பா தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் மாதிரி இருந்திருக்கும்.

"புள்ளையக் கூப்பிடு தம்பி."

"கூப்பிட்டு என்னங்கண்ணா பண்டறது? சாவி தட்டுலல்லங்க இருக்குது. எடுக்கட்டுங்களா?"

"அட, தொடாத."

"அப்ப கூப்பிடறனுங்க, வந்து தட்டப் பாத்துட்டுப் போகட்டும்."

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். நாட்டில் எத்தனையோ ராஜாக்கள் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொரி கடலைக்குள் மாட்டிக்கொண்டது எங்கள் அண்ணன் ஒருவர்தான். டீக்கடைப் பையன் கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் மறுபடி போன். பக்கம் தானாகவே திறந்துவிட்டதாம். நீ அட்டையில் போட்டிருந்த ஜோடிக் கட்டம் எழுந்து வேலையை வாங்கிக்கொண்டது. ஒருவரும் தொடவில்லை. பெரியப்பா பெட்டி மேல் உட்கார்ந்து ஆறிய டீயைக் குடித்தார். "புள்ள இல்லாமயே எந்திரிச்சிருச்சா?" என்று என்னைக் கேட்டார். "ஆமாங்கண்ணா. அப்படித்தான் கட்டியிருக்கறாளாமுங்க" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது அப்போதுதான். பெரியப்பா வீட்டுக்குப் போன பிறகு தாம்பாளத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாவியைத் தொடாமல், வளையங்களை மட்டும் குச்சியால் நகர்த்தி ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். குச்சி ஆயுதமா என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் தீர்மானிக்கட்டும்.

தசமி காலை உனக்குத் தெரியும். வழக்கப்படி நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுக்க, பெரியப்பா நெற்றியில் விபூதி இட்டார். எஸ்தர் முறை வந்தது. வருஷா வருஷம் அவளுக்குக் கம்ப்யூட்டர் அறைச் சாவி. விபூதிக்குப் பதில் பெரியப்பா ஒரு செவ்வந்திப் பூவை எடுத்துக் கொடுப்பார், அந்த மரியாதை தெரிந்த மனிதர் அவர். அன்றைக்கு நான் அறைச் சாவியை எடுத்தபோது அதன் வளையத்தோடு வளையமாகப் பென் டிரைவும் வந்தது. கையில் வைத்தேன். பெரியப்பா பூவைக் கொடுத்துவிட்டார். எஸ்தர் குனிந்து பார்த்தாள். சந்தனப் பொட்டு தெரிந்தது.

"அண்ணாச்சி, இது தங்கச்சிக்குள்ளதுல்லா" என்றாள், உன்னைக் காட்டி.

"தம்பி" என்றார் பெரியப்பா.

"குடுத்தாச்சுங்கண்ணா. பூவும் குடுத்துட்டீங்க" என்றேன்.

தையல்காரர்கள், இஸ்திரிக்காரர்கள், பீகார்க்காரப் பையன்கள், டிரைவர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தசமியில் சாமி முன்னால் கொடுத்ததை அடுத்த தசமி வரை திருப்பி வாங்குகிற வழக்கம் கிடையாது. வழக்கத்தை உண்டாக்கினவரே அவர்தான். எஸ்தர் கையை நீட்டியபடியே நின்றாள். மூடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பெரியப்பா ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தார். அப்புறம், "பத்திரமா வெச்சுக்கம்மா" என்றார். உன் கண்ணில் வந்த தண்ணீரை நீ சாம்பிராணிப் புகை மேல் பழி போட்டதை நான் நம்பியதாகவே வைத்துக்கொள்.

தட்டில் மீதி ஒரே ஒரு சாவி. மச்சான் பையன் புதுச் சட்டை போட்டு முன்னால் வந்து நின்றான். நான் எடுக்கக் கை நீட்டினேன். பெரியப்பா முந்திக்கொண்டார். குடோன் சாவியைத் தானே எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, என் நெற்றியில் விபூதியைக் கட்டை விரலால் அழுத்தி இழுத்தார். மண்டை ஓடு வரை இறங்கியிருக்கும். "குடுத்தாச்சு தம்பி" என்றார்.

நியாயமான அடி. அன்றோடு என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். என் அண்ணனிடம் இத்தனை குறும்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வம்சத்தைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உன் அம்மாவுக்குத்தான் இல்லை. உடுமலைப் பஸ் நேரமெல்லாம் இப்போது என்னை ஏசுவதற்கு உவமையாகப் பயன்படுகிறது. இளநீர் மகாராஜா பட்டாபிஷேகம் அடுத்த தசமிக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை நான் இந்த நூலுக்குள். ஜன்னல் ஒன்றுதான், அதையும் பெட்டி மறைத்திருக்கிறது. சில மத்தியானங்களில் கரண்ட் போய், மிஷின் சத்தமெல்லாம் அடங்கி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். எழுந்து போய்க் கதவைத் தொட்டுப் பார்ப்பேன். திறந்துதான் இருக்கும். அப்போதெல்லாம் உன்னைத்தான் நினைப்பேன்: நீ போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்குமா?

அங்கே போய் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வது, பாய்லர்காரன் ஆகாய விமானிக்குப் பாடம் எடுப்பது மாதிரி. இருந்தாலும் அப்பன் என்கிற பதவிக்கு அந்த உரிமை உண்டு. புது இடத்தில் முதல் அட்டையை எடுத்துக் கட்டம் போடும்போது, உச்சியில் உனக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டத்தைப் போட்டுவிட்டு மற்றதைத் தொடங்கு. யாராவது உன்னிடம் 'நீ இல்லாட்டி ஆகாது' என்று சொன்னால், நான் மீசையை முறுக்கினேனே, அதுபோல் எதையும் முறுக்காதே. சொல்கிறவர் நல்லவராக இருப்பார். அன்பாகத்தான் சொல்வார். கண்கூடக் கலங்கும். அதனால்தான் கழற்றுவது கஷ்டம்.

எஸ்தர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். முதல் வேலையாக இன்னொரு பென் டிரைவில் நகல் எடுத்து, பெரியப்பாவின் கையிலேயே கொடுத்து, "நீங்களே பீரோல வச்சுப் பூட்டிக்கோங்க முதலாளி, நான் இல்லைன்னாலும் ஆகணும்லா" என்றாளாம். அவர் வாங்கிக்கொண்டார். நகல் அடித்தவன் திருடன் என்கிற சட்டம் அதோடு ரத்து. ஆனாலும் பழக்கம் விடவில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்திருப்பார், திடீரென்று என் போனை எடுத்து என் கையில் திணிப்பார். "புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளு, அந்த ரிப்போர்ட்டு எதுல வரும்னு." எஸ்தர் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். அவருக்கு ரிப்போர்ட் வேண்டியதில்லை, கண்ணு. உன் குரல் வேண்டும், நீ உடனே எடுத்தாய் என்கிற நிம்மதி வேண்டும். இரண்டு தரம் நானும் கூப்பிட்டுவிட்டேன். இரண்டு தரமும் நீ முதல் ரிங்கிலேயே எடுத்தாய். அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

ஆகவே சக்கரவர்த்தியின் கடைசிக் கட்டளை. ஒரு ரிங் விட்டுக் கட் ஆனால், அது நான். சாப்பிட்டேன், முழங்கால் இருக்கிறது, உன் அம்மா ஏசுகிறாள், எல்லாம் க்ஷேமம் என்று அர்த்தம். திருப்பிக் கூப்பிட வேண்டாம். பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போனிலிருந்து கூப்பிடுவேன். என் நம்பரிலிருந்து ரிங் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், எதிர்ப் பெட்டியில் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்போது நீ வேலையில் இரு, இல்லை தூங்கு, இல்லை பொரி தின்னு.

அதோ, பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார். இதை மடித்து நூல் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன், சாயங்காலம் தபாலில் சேர்த்துவிடுகிறேன். நாளைக்கோ நாளன்றைக்கோ என் கையில் போனைத் திணிப்பார், நானும் அழுத்துவேன், அது உன் மேஜையில் கிடந்து கத்தும்.

கத்தட்டும் கண்ணு.

உன் அப்பன்